இடித்தது என் தலை, பார்த்தது சகுனம்

அம்மா வீட்டு வாசல் நிலை தாழ்வானது. அதில் இடிக்காத தலை எங்கள் குடும்பத்தில் கிடையாது. தம்பியின் கல்யாணத்துக்கு முதல் அழைப்பிதழைக் காங்கயம் பக்கத்தில் இருக்கும் குலதெய்வத்துக்கு வைக்கப் புறப்பட்ட காலையில், தேங்காய் பழத் தட்டோடு வெளியே வந்த எனக்கு இடது நெற்றிக்கு மேல் 'டங்' என்று இடித்தது. தட்டு விழவில்லை. ரத்தம் வரவில்லை. வீக்கம்கூட இல்லை. கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான்.

வாசலில் கார் தயாராக நின்றது. அதில் உட்கார்ந்திருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை, "ஐயோ, கெளம்பறப்பவா!" என்று கத்தினாள். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"செத்த நேரம் உக்காரு அம்மிணி. ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டுப் போலாம். ஒண்ணும் ஆவாது."

உட்கார்ந்தேன், குடித்தேன். எங்கள் பக்கத்தில், புறப்படும்போது தலை இடித்தால் இதுதான் வழக்கம். திரும்பி உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் முதல் புறப்பாடு நடக்கவே இல்லை என்று அர்த்தம். இடித்ததும் நடக்கவில்லை என்று அர்த்தம். காரில் ஏறும்போது அம்மா, "இதப் பத்தி இனி எவிங்ககிட்டயும் பேச வேண்டாம்" என்றாள். சின்னம்மா தலையாட்டினாள். சகுனத்துக்கு வைத்தியம் பார்த்தாகிவிட்டது. தலையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் என் ரத்தம் மற்றவர்கள் ரத்தம் மாதிரி உறையாது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் என் இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டிருந்தது. முப்பதுகளில் அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அந்த வால்வில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரையைத் தினமும் போட வேண்டும். மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கீரை கடைந்தால் 'அவளுக்குக் கொஞ்சமா வை' என்று சொல்கிற அளவுக்குத் தெரியும். கீரையில் இருந்த அக்கறை தலையில் இல்லாமல் போனது எப்படி?

வால்வு வைத்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. தலையில் லேசாக இடித்தாலும் தாமதிக்காமல் வா என்று அவர்கள் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு அனுப்புகிற அன்று, அரை மயக்கத்தில் இருந்தவளிடம் படபடவென்று கொட்டிய ஒரு கூடை புத்திமதியில் அதுவும் எங்கேயாவது கிடந்திருக்கும். உயிர் போகிற விஷயத்தையும் கீரை விஷயத்தையும் ஒரே குரலில் சொன்னால் கேட்கிறவளுக்கு எது நிற்கும்?

அந்தக் கல்யாணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பிக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. கிழக்குப் பாலக்காட்டில் தோட்டம் வைத்திருக்கும் எங்கள் பையன்களுக்கு இப்போது பெண் கிடைப்பதில்லை. தென்னை இருக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்கும், கார் இருக்கும், பெண் மட்டும் இருக்காது. கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு இடம் அமைந்தது. பெண் படித்தவள், அவனைவிட ரொம்பவே சின்னவள். பெண் பார்க்கப் போன இடத்தில், தனியாக இருந்த ஒரு நிமிடத்தில் அவளிடம் கேட்டேன். "உனக்கு இஷ்டந்தானா கண்ணு?" அவள் "இஷ்டந்தானுங்க அக்கா" என்றாள். பேச்சு அவ்வளவுதான். ஆனால் அது எப்படியோ சின்னம்மா காதுக்குப் போய், அங்கிருந்து அம்மாவுக்குப் போய், நான் கல்யாணத்தைக் கலைக்கப் பார்த்தேன் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து நான் சிரித்தால் நக்கல், சும்மா இருந்தால் வயிற்றெரிச்சல்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

ஒன்றிரண்டு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு காலையில் எழுந்தால் தலை வலித்தது. எழுந்து நடமாடினால் கொஞ்சம் குறையும். கல்யாண வேலை, தூக்கம் இல்லை, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைவீதியில் பாதி தூரம் நடந்த பிறகு ஒரு பெண் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, ஒத்தைச் செருப்போட போறீங்க" என்றாள். வலது கால் செருப்பு எப்போது கழன்றது என்றே எனக்குத் தெரியவில்லை. வெயிலில் தார் ரோடு சுட்டிருக்க வேண்டும். அதுவும் தெரியவில்லை.

முறுக்கு பிழிய உட்கார்ந்தால் வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கோணல் மாணலாக விழுந்தது. "பாவி, பொண்ணு ஊட்டுக்காரங்க சிரிக்கட்டும்னே பண்றா" என்று சின்னம்மா காதுபடச் சொன்னாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. மனசுக்குள் தெளிவாக இருக்கிறது, நாக்குக்கு வர மறுக்கிறது. தப்பான வார்த்தை வந்து விழுமோ என்ற பயத்தில் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். 'உம்மென்று இருக்கிறாள்.'

தலைவலி தாங்காமல் ஒரு நாள் பக்கத்து கிளினிக்குக்குப் போனேன். அம்மா துணைக்கு வந்தாள். டாக்டர் மலையாளி, நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எவிடெயெங்கிலும் வீணோ? தலை இடிச்சோ?" என்று கேட்டார். எங்காவது விழுந்தேனா, தலை இடித்ததா என்று. கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அந்த மனிதர் கேட்டுவிட்டார். நான் வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"இல்லீங் சாரே. அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங். தம்பிக்குக் கண்ணாலம் வெச்சிருக்குது, அலைச்சலுங்."

டாக்டர் சிரித்தார். கல்யாண வீடு என்றால் தலைவலி இல்லாமல் இருக்குமா என்றார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. வலிக்கு எழுதிக் கொடுத்தார். என்னைப் போல ரத்தம் இளக்குகிற மாத்திரை சாப்பிடுகிறவள் தொடவே கூடாத ரகம் அது என்று பின்னால்தான் தெரிந்தது. பசிக்குச் சாப்பிடுவது மாதிரி அதை வேளா வேளைக்கு விழுங்கினேன்.

ஆட்டோவில் அம்மாவிடம், "ஏம்மா... இல்லைன்ன?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியைக் கோத்துச் சொல்லவே எனக்கு ரொம்ப நேரமாயிற்று.

"எதக் கேக்கற?"

"இடிச்சுதே."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கள்ளம் ஏதும் இல்லை. "அதுக்குத்தான் தண்ணி குடிச்சுப்போட்டுக் கெளம்புனமே கண்ணு" என்றாள்.

அம்மா பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பொய் சொல்லியிருந்தால் பிடித்து உலுக்கியிருக்கலாம். அவள் கணக்கில் அந்த இடி நடக்கவே இல்லை. நடக்காத ஒன்றை டாக்டரிடம் எப்படிச் சொல்வாள்? 'நீ திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாமே' என்று இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள். மூளையை ஒரு பக்கமாக அமுக்கி வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும், அப்புறம் எனக்குப் புத்தி சொல்லட்டும்.

முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் மண்டபத்தில் இணைச்சீர். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் இல்லாமல் அந்தச் சீர் நடக்காது. கூறைச்சேலையை வைத்த மூங்கில் பேழையை ஏந்திக்கொண்டு அவள் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அக்காவுக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை அது. சீர் செய்விக்கும் அருமைக்காரர் பேழையை என் கையில் கொடுத்தார். வாங்கினேன். வாங்கினேன் என்றுதான் நினைத்தேன். இடது கை பிடித்தது, வலது கை பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்ற சேதியே எனக்கு வந்து சேரவில்லை. பேழை சரிந்தது. கூறைச்சேலை அத்தனை பேர் காலடியில் விழுந்தது. அதன் மேலிருந்த தேங்காய் உருண்டு போனது.

மேளம் நின்றது. முதலில் வாயைத் திறந்தது சின்னம்மாதான். "மனசுல இருந்தது கையில வந்துருச்சு." அம்மா என் காதோரம் வந்தாள். "இந்த ஒரு நாளைக்குப் பொறுத்துக்க முடியலையா உனக்கு?" தம்பி என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எனக்குக் கை வரவில்லைடா என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. ஒன்றுகூட வரவில்லை. "பேசறாளா பாரு, கல்லாட்ட நிக்கறா" என்று யாரோ சொன்னார்கள். என்னை நகர்த்திவிட்டு, சின்னம்மாவின் மகளை அந்த இடத்தில் நிறுத்திச் சீரை முடித்தார்கள்.

என் வீட்டுக்காரரும் அன்றைக்கு அவர்கள் பக்கம்தான். "என்ன கோவம் இருந்தாலும் சபையில அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது அம்மிணி" என்றார். அவர் பிறகு செய்ததற்காக இதை நான் மறந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் தாலி கட்டும்போது நான் மண்டபத்துப் பின்னறையில் பாயில் கிடந்தேன். வாந்தி எடுத்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனது லேசாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை. இனிச் சொல்வது என் வீட்டுக்காரர் சொன்னது.

பந்திக்குக் கூப்பிட வந்த அவர், நான் அரைக் கண்ணைத் திறந்தபடி கிடப்பதையும் வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதையும் பார்த்திருக்கிறார். உலுக்கினால் முனகினேனாம். அள்ளித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா வழியை மறித்தாளாம்.

"பந்தி நடக்கறப்ப ஆசுபத்திரிக்குன்னு கெளம்பாதீங்க மாப்பிள்ளை. நாலு சனத்துல பேச்சாயிருமுங்க. ரோசத்துல கெடக்கறா, சாயங்காலம் செரியாயிரும்."

"பேச்சாகட்டுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு, சாவியோடு நின்ற காரில் என்னைப் போட்டுக் கிளம்பியிருக்கிறார். அது பெண்ணும் மாப்பிள்ளையும் ஊர்வலம் போவதற்காகப் பூ அலங்காரம் செய்து வைத்திருந்த கார். கேரள எல்லையில், வாளையார் செக்போஸ்ட்டில் வழக்கம்போல லாரி வரிசை. பூ வைத்த காரைப் பார்த்து டிரைவர்கள் சிரித்து, கையாட்டி, ஹாரன் அடித்து வாழ்த்துச் சொன்னார்களாம். பின் சீட்டில் மூளை நசுங்கிக்கொண்டு நான் கிடந்தேன்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததும், தலை எங்காவது இடித்ததா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். அம்மா அப்போதும் இல்லை என்றாள். ஆனால் ஸ்கேனுக்குச் சகுனம் தெரியாதல்லவா. அது உள்ளதைக் காட்டிவிட்டது.

என்ன நடந்தது என்று அந்த டாக்டர் பிறகு எனக்கே படத்தை வைத்துச் சொன்னார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் கெட்டியான ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கும் மூளைக்கும் இடையே மெல்லிய ரத்தக் குழாய்கள் போகின்றன. இடித்த வேகத்தில் அதில் ஒன்று கிழிந்தாலும் வெளியே காயம் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நல்ல ரத்தமாக இருந்தால் பெரும்பாலும் உறைந்து நின்றுவிடும். என்னுடையது இளக்கி வைத்த ரத்தம், நிற்கவில்லை. துளித்துளியாகக் கசிந்து, உறைக்குக் கீழே தேங்கியது. மண்டை ஓடு எலும்பு, அது விரிந்து கொடுக்காது. இடம் கொடுக்க வேண்டியது மூளைதான். ஸ்கேனில் இடது பக்கம் ஒரு தேங்காய்ப் பத்தை மாதிரி அந்த ரத்தம் படிந்திருந்தது. மூளை அதற்குப் பயந்து வலது பக்கம் ஒதுங்கியிருந்தது. இடது மூளை அமுங்கினால் வலது கையும் காலும் போகும், பேச்சும் போகும். சப்ட்யூரல் ஹெமட்டோமா என்று அதற்குப் பெயர். வயிற்றெரிச்சல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

ஆபரேஷன் லேசுப்பட்ட காரியமாக இல்லை. ரத்தத்தை மறுபடி உறைய வைத்தால்தான் மண்டையைத் துளைக்க முடியும். உறைய வைத்தால் வால்வில் அடைப்பு வரலாம். இளக்கி விட்டால் மூளை போகும், உறைய விட்டால் இதயம் போகும். என் வீட்டுக்காரர் தனியாக நின்று கையெழுத்துப் போட்டார். அம்மா வீட்டில் அப்போது புதுப்பெண்ணை வீட்டுக்குள் அழைக்கிற சடங்கு நடந்துகொண்டிருந்தது.

மொட்டையடித்து, ஓட்டில் இரண்டு துளை போட்டு, தேங்கியதை எடுத்தார்கள். "கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்துப் போன பழைய ரத்தம்மா. இது நேத்து இன்னைக்கு ஆரம்பிச்சதில்ல, ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டர். எனக்கு அந்த வார்த்தை போதும் என்று இருந்தது. பேழை விழுவதற்கு முன்பே ரத்தம் இருந்தது. அதனால்தான் பேழை விழுந்தது. இதை அம்மா வாயால், தம்பி வாயால், என் காதால் ஒரு தடவை கேட்க வேண்டும். 'நீ வேணும்னு பண்ணல.' உயிர் பிழைத்ததும் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான்.

வார்டுக்கு மாற்றிய பிறகு அம்மாவும் சின்னம்மாவும் வந்தார்கள். சின்னம்மா என் மொட்டைத் தலையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "கவலப்படாத அம்மிணி. உம்பட முடியச் சாமிக்குக் குடுத்தாச்சு. இனி ஒரு கொறையும் வராது."

எனக்கு விளங்கவில்லை. அம்மா விளக்கினாள். நான் நினைவில்லாமல் கிடந்தபோதே ஒரு தடவை வந்து, ஆபரேஷனுக்கு மழித்த முடியை நர்ஸிடம் கெஞ்சி வாங்கி, துண்டில் முடிந்து, காங்கயத்துக்கு எடுத்துப்போய்க் குலதெய்வத்துக்குக் காணிக்கையாகப் போட்டிருக்கிறாள். கூறைச்சேலையைக் கீழே போட்ட குற்றத்துக்குப் பரிகாரம். என் முடி. என்னைக் கேட்கவில்லை. நான் மயக்கத்தில் கிடந்தபோது எனக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனையையும் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

டாக்டர் சொன்னதை அம்மாவிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். முதலில் ரத்தம், பிறகுதான் பேழை. ஒரு மாசம் முன்னாலேயே. அம்மா பொறுமையாகக் கேட்டாள். "அதுதான் கண்ணு. நீ பண்ணப் போறது சாமிக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எந்த ஸ்கேனைக் காட்டி இந்தப் பேச்சை மறுக்க முடியும்?

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான், புது மனைவியோடு. ஆப்பிள், ஹார்லிக்ஸ். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப எப்படிங்க அக்கா இருக்குது?" என்று கேட்டாள். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கார் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தான். காபி குடித்து முடித்ததும் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, நடந்தது நடந்து போச்சு. நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. நான் உன்ன மன்னிச்சுட்டேன்."

அவன் நல்லவிதமாகத்தான் சொன்னான். கண்கூடக் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மண்டையில் துளை போட்டு, சாவைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இவன் எனக்கு மன்னிப்புக் கொண்டுவந்திருக்கிறான், ஆப்பிளோடு சேர்த்து.

"எனக்கு வந்தது சீக்குடா" என்றேன். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. "சீக்குக்கு... எவன்டா மன்னிப்புக் குடுப்பான்? நீ கொண்டுவந்தத நீயே எடுத்துக்கிட்டுப் போ. என்ர கை வரல. வாய் வரல. அத்தன பேரு நின்னீங்க. என்னாச்சுக்கான்னு ஒருத்தன் கேட்டீங்களாடா?"

குரல் தெருவரைக்கும் போயிருக்கும். புதுப்பெண் என் கையைப் பிடித்தாள். தம்பி எழுந்தான். வாசல் பக்கம் நின்றிருந்த என் வீட்டுக்காரரிடம் போய், தணிந்த குரலில், எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கேட்டான்.

"இப்படிக் கோவப்படறதெல்லாம் செரியாயிருமுன்னு டாக்டர் சொன்னாருங்களா மாமா?"

சீக்காகக் கிடந்தபோது கோபம் என்றார்கள். கோபப்பட்டால் சீக்கு என்கிறார்கள்.

"செரியாயிருச்சு மாப்ள" என்றார் என் வீட்டுக்காரர். "இப்பத்தான் செரியாப் பேசறா."